எண்ண வந்த அன்னைக்கு

நம்ம நடைபாதைக் கடைச் சங்கத்துத் தாய்மார்களே, அண்ணன் தம்பிங்களே... புதன்கிழமை நம்ம ஜங்ஷனுக்கு ஆளுங்க வர்றாங்க. குட்டி ரயில், அதான் மெட்ரோ மாதிரி சின்ன ரயில், அதுக்கு ஸ்டேஷன் கட்டப்போறாங்க, அதைச் சுத்தி என்னென்ன இருக்கணும்னு ப்ளான் போடறதுக்கு வர்றாங்க. எல்லாரும் ஒரே கேள்வி கேக்குறீங்க. "செயலாளரே, அன்னைக்கு ஒரு நாள் கடையை எடுத்துடலாமா?" பயம். எனக்கு மட்டும் பயம் இல்லையா? அதனால ஒரு சின்ன சங்கதி சொல்லிடுறேன், காது குடுங்க. அந்த மைக்கைக் கொஞ்சம் கூட்டுப்பா... ஆங்.

நான் முன்னாடி பட்டறைமேட்டுல இளநீர் வித்தவன். அங்க பஸ் ஸ்டாப்பை ஒட்டி நாப்பத்து மூணு கடை. பழம், பூ, செருப்பு தைக்கிறவர், எல்லாம் உண்டு. நடுவுல தவமணி அக்காவோட இட்லிக்கடை. இருவத்திரெண்டு வருஷமா அதே இடம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தப்புறம் மூணு புள்ளைங்களையும் அந்த அடுப்புதான் வளத்துச்சு. அந்த இடம் போச்சுன்னா அக்காவுக்கு வேற போக்கிடம் கிடையாது. இதை மனசுல வெச்சுக்கங்க.

எங்ககிட்ட ஒரு ஏற்பாடு இருந்துச்சு. விசில்! ஒரு விசில் அடிச்சா போலீஸ். ரெண்டு விசில் அடிச்சா கடையை அள்ளிட்டுப் போற லாரி. ரெண்டாவது விசில் அடங்குறதுக்குள்ள... எங்கய்யா கடை? ஒண்ணும் இருக்காது! தார்ப்பாய் மடிஞ்சிரும், வண்டி சந்துக்குள்ள போயிரும். தவமணி அக்கா அடுப்புச் சாம்பலைக்கூட கூட்டி அள்ளி, தண்ணி தெளிச்சுட்டுத்தான் நகருவாங்க. எங்களுக்கு அதுல அவ்வளவு பெருமை!

ஒரு நாள் காலையில மஞ்சச் சட்டை போட்டு, கையில அளக்குற டேப்போட ஒரு அம்மா வந்து இறங்குறாங்க. டேப்பைப் பாத்தா நமக்கு என்ன தோணும்? சூடு கண்ட பூனை இல்லையா நாம? ரெண்டு விசில்! அடிச்சது யாரு? வேற யாரு... இந்தப் பாவிதான் அடிச்சேன்.

அந்த அம்மா ரோட்டைத் தாண்டி வந்து பாக்குறாங்க. பளிச்சுன்னு கிடக்கு இடம். பஸ் ஸ்டாப்புல தவமணி அக்கா மட்டும் ஒரு பையைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

"அக்கா, இங்க நிறைய கடை இருக்கும்னு சொன்னாங்களே?"

"கடையா? இங்க ஏதும்மா கடை? நான் பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"இல்லக்கா... ஸ்டேஷன் வருது. இங்க பொழைக்கிறவங்களை எண்ணி, அவங்களுக்கும் இடம் ஒதுக்கத்தான் வந்திருக்கேன். நிஜமாவே யாரும் இல்லையா?"

அக்கா என்னைப் பாக்குறாங்க. நான் சந்து முனையில நின்னுக்கிட்டு, சொல்லாதேன்னு தலையை ஆட்டுறேன். பாம்புன்னு அடிக்கவும் முடியல, பழுதுன்னு மிதிக்கவும் முடியல. இடம் தர்றேன்னு யாராவது நம்மகிட்ட இதுக்கு முன்னாடி சொல்லியிருக்காங்களா? அக்கா அந்த அம்மா பக்கம் திரும்பிச் சொன்னாங்க...

"சத்தியமா யாரும் இல்ல கண்ணு."

அந்த அம்மா மூணு தடவை கேட்டாங்கய்யா! மூணு தடவை! அப்புறம் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, ஏதோ எழுதிட்டுப் போயிட்டாங்க. நாங்க? "தப்பிச்சோம்டா"ன்னு கை தட்டிக்கிட்டுக் கடையை விரிச்சோம்.

நாலு மாசம் கழிச்சு வார்டு ஆபீஸ்ல ப்ளானை ஒட்டுனாங்க. நடைபாதை, மரம், உக்காற பெஞ்சு, பொம்பளைங்களுக்குக் கழிப்பறை... எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த தெருக்காரங்க ஓடாம நின்னாங்க, அவங்களுக்கு முப்பத்தாறு கடைக்கு மேற்கூரையோட இடம். எங்க இடத்துல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? "காலி இடம். கார் நிறுத்த உகந்தது." சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டோம்!

கருத்துக் கேட்புக் கூட்டம்னு ஒண்ணு போட்டாங்க. தவமணி அக்கா எழுந்து நின்னாங்க. "அம்மா, நான் அங்க இருவத்திரெண்டு வருஷமா இட்லி விக்கிறேன்." எதிர்ல அதே மஞ்சச் சட்டை அம்மா. அவங்களுக்கும் முகம் செத்துப்போச்சு. மெதுவாச் சொல்றாங்க...

"அக்கா... நீங்கதானே யாரும் இல்லன்னு சத்தியம் பண்ணுனீங்க? இப்ப நான் என்னத்தக்கா எழுதறது?"

நான் எழுந்து, "தப்பு என்னோடது, விசில் அடிச்சது நான்"னு கத்துனேன். எழுதிக்கிட்டாங்க. நாங்க குடுத்த மனு இன்னும் அப்படியேதான் கிடக்கு. அக்கா இப்போ காய்கறி மண்டியில மூட்டை தைக்கிறாங்க. என்னை வழியில பாத்தா திட்டுறதுகூட இல்ல. அதுதான்யா எனக்குத் தாங்கல.

நான் ஏன் இதைச் சொல்றேன்? ரயில் வரும். நாம வேண்டாம்னாலும் வரும். அது நமக்கு நல்லதா வருதா, கெட்டதா வருதான்னு காகிதத்துல எழுதறப்பவே முடிவாயிடுது. காகிதத்துல இல்லாதவனுக்கு ஸ்டேஷன் வாசல்ல நிக்க இடம் இல்ல. நாம ஒளிஞ்சுக்கிட்டா, "ஒளிஞ்சுக்கிட்டாங்க"ன்னா எழுதுவாங்க? ஆளே இல்லன்னுதான் எழுதுவாங்க!

புதன்கிழமை என்ன நடக்கும்னு எனக்கு உறுதியாத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். எதுக்கு வந்தீங்க, அடையாள அட்டை எங்கன்னு கேளுங்க. மரியாதையாக் கேளுங்க. ஆனா நகராதீங்க. அடுப்பு எரியட்டும், பூ கட்டட்டும், அந்த அடைசலோடயே போட்டோ எடுக்கட்டும்.

எங்க, இப்பவே சொல்லிப் பழகுவோம். முன்னாடி உக்காந்திருக்க பச்சைச் சேலை அம்மா, எழுந்திரிங்க. உங்க பேரு என்ன? ... என்ன விக்கிறீங்க? ... எத்தனை வருஷமா? ... ஏம்மா குரல் கம்முது? கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும். இன்னொரு தடவை... சத்தமா!