சமத்துப் பொட்டலம்

ஐயோ தம்பி, அதைக் குப்பையில போட்றாதீங்க. பழைய கம்ப்யூட்டர் மெஷினை நீங்க தாராளமா அணைச்சு எடுத்துட்டுப் போங்க, அதுக்குத்தானே வந்திருக்கீங்க. அது தலைமேல உக்காந்திருக்கே அந்தப் பச்சைப் பொட்டலம், அது மட்டும் எனக்கு வேணும்.

ஆமா, தேதி முடிஞ்சுபோச்சு. தெரியும். பச்சைதான் வைக்கணும், பிரிக்கக் கூடாது, தேதி தாண்டினா மெஷின் மக்கர் பண்ணும், எல்லாம் தெரியும். அதான் பின்னால பாருங்க, புதுசு ஒண்ணு இருக்கு. தேதி பாத்துப் பாத்து அதை மாத்திக்கிட்டே இருக்கேன். முன்னால இருக்கிறதைத் தொடறதில்ல.

சிரிக்கிறீங்க. உங்க ஆபீஸ்லயும் வச்சிருக்கீங்களா? பின்ன! சமத்துன்னு பேர் போட்ட சோளப்பொரி, பக்கத்துல இருந்தா மெஷினும் சமத்தா இருக்கும்னு படிச்சவங்கதானே முதல்ல கிளப்பினது. நான் என் பிள்ளைங்க அழுகைய நிறுத்தத்தான் வாங்கினேன். தைபேல இருக்கிற என் பொண்ணு சொல்லுவா, என்னைக்கூட நீ இப்படித் தூசி தட்டி வச்சதில்லம்மான்னு.

உக்காருங்க, டீ ஊத்துறேன்.

ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிப்போடற இந்தப் புரோகிராமை ஈஆர்பி, ஈஆர்பின்னு சொல்றீங்களே, இது வர்றதுக்கு முந்தி எங்க போல்ட் கம்பெனி இருந்த லட்சணத்தை நீங்க பாக்கலியே. முன்னால எங்க வீட்டுக்காரர் ஆர்டர் பிடிப்பாரு. பின்னால கொழுந்தனார் போல்ட் அடிப்பாரு. இவர் பிடிச்சது அவருக்குத் தெரியாது, அவர் அடிச்சது இவருக்குத் தெரியாது. ஒருதரம் இவர் சரக்கு இல்லைன்னு சொல்லி நல்ல ஆர்டரைத் திருப்பி அனுப்பிட்டாரு. குடோன் மூலையில அதே போல்ட் மூட்டை மூட்டையா துருப்பிடிச்சுக் கிடக்குது! அன்னைக்கு வாய்ச்சண்டையில அண்ணன் தம்பி பேச்சே நின்னுபோச்சு. வியாபாரம் நல்லா நடக்கணும்னு மாசாமாசம் கம்பெனி வாசல்ல போடற பதினாறாம் நாள் பூஜைக்குக்கூட ஒருத்தர் ஊதுபத்தி வச்சு நகர்ந்தாதான் இன்னொருத்தர் வருவாரு. கருணைத் தெய்வம் குவான்யின் தாயார்கிட்ட நான் லாபமா கேட்டேன்? ரெண்டு பேரையும் ஒரே மேசையில சாப்பிட வையி தாயேன்னு கேட்டேன்.

என் சின்னவன் யூ-செங்தான் சொன்னான். அம்மா, அப்பாவும் கெட்டவரில்ல, சித்தப்பாவும் கெட்டவரில்ல. இவருக்குத் தெரிஞ்சது அவருக்குப் போய்ச் சேர வழியில்ல, அவ்வளவுதாம்மான்னான். பட்டணத்து வேலைய விட்டுட்டு வந்து இதைப் போட்டான். முன்னால ஆர்டர் ஏறினா குடோன்ல இருப்புக் கழியுது, கம்பி வாங்கணும்னா அதுவே சொல்லுது, முலாம் போடறவங்களுக்கு என்னைக்குச் சரக்கு வரும்னு தெரியுது, கணக்கும் அதுவே எழுதிக்குது. ஒரு இடத்துல சொன்னா எல்லா இடத்துலயும் காது கேக்குது.

கொழுந்தனார் சும்மா விடுவாரா? இந்த டப்பாவா எனக்கு போல்ட் அடிக்கச் சொல்லித்தரப் போகுதுன்னு பாக்கை மென்னு துப்பிட்டுப் போனாரு. அப்புறம் ஒருநாள் தானா முன் ஆபீசுக்கு வந்து நின்னாரு. ஏண்ணே, வியாழக்கிழமைக்கே வேணும்னு திரையில போட்டிருக்கியே, நெசமாவான்னாரு. இவர் தலை நிமிராம, உன்னால முடியாதுன்னா சொல்லுடா, தள்ளிப் போடச் சொல்றேன்னாரு. யாரால முடியாது, வியாழன் என்ன, புதனே தர்றேன் பாருன்னாரு அவர். நான் அகப்பையும் கையுமா அப்படியே நின்னுட்டேன் தம்பி. அன்னைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் ஒரே பாத்திரத்துல மீன் உருண்டை சூப் ஊத்திக் குடிச்சாங்க.

புது மெஷின் எங்க வைப்பீங்க? இங்க இல்லையா? மேகத்துலயா? எங்கயோ தூரத்துல, யாரும் பாக்க முடியாத இடத்துல... நல்லதுதான், காலத்துக்கு ஏத்த மாதிரி போகணும். ஆனா அப்ப பொட்டலத்தை எங்க தம்பி வைக்கிறது?

சரி, இப்ப இதைக் கொடுங்க இப்படி. மெதுவா. வேண்டுதல் எழுத இடம் விட்டிருக்காங்க பாருங்க, அதுல யூ-செங் மெஷினுக்கு எழுதினது. படிக்க வேண்டாம், நானே சொல்றேன். நான் இல்லாதப்ப அழக்கூடாது, அடம் பிடிக்கக்கூடாது, வேளாவேளைக்கு வேலையப் பாத்துக்கிட்டு சமத்தா இருக்கணும். லீவு போட்டுட்டுக் கூட்டாளிங்களோட கிழக்குக் கரைக்குக் கிளம்பினான் பாருங்க, அதுக்கு முந்தின நாள் எழுதி வச்சான். மெஷினுக்கு என்னடா புத்திமதின்னு அவன் சித்தப்பா சிரிச்சாரு. எல்லாரும்தான் சிரிச்சோம்.

இல்ல தம்பி. வரல. மழையில மலை சரிஞ்சுபோச்சு.

நீங்க டீயைக் குடிங்க, ஆறுது. உங்களுக்கு எப்படித் தெரியும், உங்களைத் தப்பே சொல்லல. மெஷினைப் பத்தி உங்க ஆபீஸ்ல கேட்டா நல்லபடியா சொல்லுங்க. அவன் போன நாள்லேருந்து ஒரு நாள்கூட மக்கர் பண்ணினதில்ல. சொன்ன பேச்சைக் கேட்டுச்சு.

நான்தான் கேக்கல.