உரிக்காத ஃபிலிம்

முதலில் ஒட்டிக்கொண்டது என் கட்டைவிரல்தான். மதர்போர்டில் சூடேறும் சிப்பின் மேல் சூட்டை இழுத்து வெளியேற்றும் சின்ன அலுமினிய ஹீட்சிங்க் ஒன்றை வைக்க வேண்டும். அந்த போர்டில் அதைப் பிடித்து நிறுத்தும் ஊசிகளை மாட்டத் துளை இல்லை. பசையைப் பிழிந்து, அழுத்திப் பிடித்தபடியே வாடிக்கையாளரிடம் தமாஷ் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்து எழுந்தபோது போர்டும் என்னோடு எழுந்தது.

கடையே சிரித்தது. தொண்ணூற்றொன்பதில் மைசூரில் கம்ப்யூட்டர் பாகங்களைப் பூட்டிக் கொடுத்த கடைகளில் எங்களுடையது நடுத்தரம். சிரிக்க வைப்பதில் மட்டும் அங்கே நான்தான் முதல் ஆள். ஆனால் இது என் தமாஷுக்குக் கிடைத்த சிரிப்பு அல்ல. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தமிழ்ப்ரியா, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஊற்றி என் விரலை விடுவித்தாள்.

"சிப்புலதானுங்கண்ணா ஒட்டோணும். ஆனா பேசிப்பேசிச் சூடாகறது நீங்கதானுங்களே, செரியான எடத்துலதான் ஒட்டியிருக்கறீங்க."

முதலாளி அய்யாவு சாருக்குக் காபி மூக்கில் ஏறியது. என் தமாஷ் எதற்கும் அப்படி ஏறியதில்லை.

நான் இளகிய மனசுக்காரன். சினிமாவில் நாய் தொலைந்தால்கூட அழுவேன். தமிழ்ப்ரியாவின் கதைக்கும் கண் கலங்கியிருக்கிறேன். இந்த வேலை போனால் அவள் அப்பா அவளைச் சொந்த ஊரான ஹனூருக்குக் கூட்டிப்போய், டிராக்டர் வைத்திருக்கும் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார். குடித்தால் கை நீட்டுகிறவன். இதையெல்லாம் பயந்துபோய் என்னிடம்தான் சொன்னாள்.

எங்கள் தொழிலில் புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. ஹீட்சிங்கின் அடியில் சூட்டை வாங்கும் பட்டை இருக்கும். அதன்மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஃபிலிம். அதை உரிக்காமல் மாட்டினால் சிப்பின் சூடு வெளியேறாது. கம்ப்யூட்டர் கடையில் நன்றாக ஓடும், வாங்கியவர் வீட்டுக்குப் போய் நடுவிலேயே நின்றுவிடும்.

தமிழ்ப்ரியா அந்தத் தப்பை ஒருமுறைகூடச் செய்யவில்லை. அதனால் அவளுக்காக நான் செய்தேன். அவள் சாப்பிடப் போனதும் ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஊசிகளைத் தளர்த்துவேன். அவள் உரித்துக் குப்பையில் போட்ட ஃபிலிமையே எடுத்து அடியில் வைத்து, மறுபடி மாட்டிவிடுவேன். சுத்தமான வேலை. என் கையில் கோணாமல் உட்கார்ந்த ஹீட்சிங்குகள் அவை மட்டும்தான்.

கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. திறந்து பார்த்த அய்யாவுவிடம் அவளுக்காகப் பரிந்து பேசியதும் நான்தான்.

"சின்னப் பொண்ணு சார். கல்யாண நெனப்புல கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். பாவம், விட்டுடுங்க."

அப்படிப் பேசினால் அவர் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பேசினேனே, அதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

வேலை போய் அவள் ஊருக்குக் கிளம்பியபோது வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கும் போனேன். அவள் அப்பா ஹனூர் போகும் கொள்ளேகால் பஸ்ஸில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் அழவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நான்தான் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நல்லவனாகவே பிரிந்துவிட ஆசைப்பட்டேன்.

"சும்னே, சும்மாதான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. என்மேல உனக்குச் சந்தேகம் கிந்தேகம் ஏதாவது உண்டா?"

"சந்தேகமெல்லாம் இல்லீங்கண்ணா. நீங்கதான். அய்யாவு சார்கிட்டயும் சொன்னனுங்க. 'அவனுக்கு அவ்வளவு வேலை தெரியாதும்மா'ன்னு சிரிச்சாருங்க."