உசத்தியான தலையணை

உங்கள் அலுவலக டீ நன்றாக இருக்கிறது. நாற்காலிக்குத்தான் குஷன் மாற்ற வேண்டும். தொழில் புத்தி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரண தண்டனை பயனுள்ளதா, மனிதத்தன்மை உள்ளதா என்று உங்கள் குழு கேட்கிறது. கொலையானவரின் தம்பி என்பதால் என்னை முதலில் அழைத்திருக்கிறீர்கள். நன்றி.

மனிதத்தன்மை என்று பார்த்தால் கயிறு எனக்கு ஒப்பவில்லை. மெத்தை, தலையணை விற்பவன் நான். கழுத்தின் அருமை தெரியும். ஒருவரை அனுப்பி வைத்தே ஆகவேண்டும் என்றால், மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் அசந்து தூங்கும்போது, கடையிலேயே உசத்தியான தலையணையாக எடுத்து முகத்தில் வைத்துக் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் போதும். கால் மட்டும் சிறிது உதைக்கும்.

அண்ணன் அப்படித்தான் போனார். தங்கமான மனிதர்; வாய்தான் கொஞ்சம் நீளம். வாடிக்கையாளர் முன்னால் என்னைக் காட்டி, "இவனா? உறை பளபளன்னு இருக்கும், உள்ள பஞ்சு கிடையாது" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வியாபாரம் ஆயிற்றே.

அவரை எழுப்ப வந்த எங்கள் கடை டிரைவர், அண்ணன் முகத்திலிருந்த தலையணையைத் தூக்கிப் பார்த்து, அப்படியே உறைந்து நின்றுவிட்டான். அவன் கையில் தலையணை இருந்ததைப் பார்த்தேன் என்று கோர்ட்டில் சொன்னேன். உண்மைதானே. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. அவனுடைய கருணை மனு வந்தபோதும் பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டேன்.

பயனைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. டிரைவரைத் தூக்கில் போட்ட நாளிலிருந்து நான் யார் மேலும் கை வைத்ததில்லை. எப்போதாவது நினைப்பு வரும். உடனே கழுத்தில் ஏதோ உறுத்தும். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

ஆனால் அந்த உறுத்தல் இப்போது குறைந்துவருகிறது. நேற்று அண்ணி கடைக்கு வந்தார்.

"தம்பி, அந்த டிரைவர் பண்ணியிருக்க மாட்டான்னு மனசு அடிச்சுக்குது. கேஸைத் திரும்பக் கிளறச் சொல்லப் போறேன்."

"போனவன் போயிட்டான் அண்ணி. இனிமே கிளறி என்ன ஆகப்போகுது?"

"உங்களுக்கென்ன, படுத்தா தூக்கம் வருது. எனக்கு வரலியே."

கேட்கப் பாவமாக இருந்தது. இன்று மதியம் நல்ல தலையணை ஒன்றை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே இந்தத் தண்டனை நீடிக்க வேண்டும். முடிந்தால் மதியத்துக்குள் யாரையாவது தூக்கில் போடுங்கள். எனக்காக இல்லை, அண்ணிக்காகத்தான் கேட்கிறேன்.