ஒப்பந்தத்தில் இல்லாத படிக்கட்டு

"படிக்கட்டு ஒப்பந்தத்துல இல்லையே, ஹாஜியார்."

கண்டியிலிருந்து பல்லேகல போகும் பஸ்ஸில், என் முன் ஆசனத்தில் இருந்த கட்டடக் கொந்தராத்துக்காரர் சொன்னார். பக்கத்தில் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்.

"என்னத்த செல்றீங்க? படி இல்லாம மேல்மாடி எதுக்கு?"

"மேல்மாடி ஒப்பந்தத்துல இருக்கு, கட்டிட்டோம். பேராதனையில மாடியில்லாத வீடு ஒண்ணு கட்டினோமே, அந்த ஒப்பந்தத்துல பேரை மாத்தி, மேல்மாடின்னு ஒரு வரி சேர்த்தோம். நீங்களும் கையெழுத்து வெச்சீங்க."

"ஞாயித்துக்கெழம மகளும் மாப்பிள்ளயும் மேல குடி வாறாங்க!"

"வரட்டுமே. உங்க வீட்டுக்குப் பின்னால மலை ரோடு மேல்மாடி உயரத்துக்கு இருக்கு. அந்தப் பக்கம் ஒரு கதவு வெச்சிடலாம்."

"மகள் கீழ சாப்பிட வாறதுண்டா எப்பிடி?"

"ரோட்டால சுத்தி வரணும். கால் மணித்தியாலந்தான்."

முந்தாநாள் நானும் ஓர் ஒப்பந்தத்தில் படிக்காமலேயே கையெழுத்திட்டிருந்தேன். பையிலிருந்து எடுத்து மூன்று தடவை புரட்டினேன். படிக்கட்டு என்ற பேச்சே இல்லை. குண்டசாலை தாண்டிய பிறகுதான், நான் கட்டப்போவது வெறும் மதில் என்பது ஞாபகம் வந்தது.

முன்னால் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாப்பிள்ள காலையில என்னோட அரசியல் பேச வாறதுண்டாலும் சுத்தித்தான் வரணுமா?"

"கட்டாயம், ஹாஜியார்."

வீட்டுக்காரர் தொப்பியை எடுத்துத் திரும்பவும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப கதவையே வைங்க."