மூன்று நாளில் ஒரு வரி

பாபநாசம் பஸ் முக்கூடலைத் தாண்டியதும், முன் இருக்கையில் அலுவலகப் பையோடு இருந்த பெண் தோழியிடம் கத்தினாள்.

"ஏட்டி, சர்வர்ல நம்ம புரோகிராம் ஓடுத கன்டெய்னருக்குள்ள கம்பைலரே கெடையாதுட்டி!"

கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"பெறவு அந்த சாஃப்ட்வேர் உன் லேப்டாப்புல மட்டும் எப்படி இன்ஸ்டால் ஆச்சு?"

"காலேஜ்ல படிக்கும்போது போட்ட கம்பைலர் அதுல கெடக்கு. கோடை மெஷினுக்குப் புரியுத மாதிரி மாத்த, இன்ஸ்டால் ஆகும்போது அது பாட்டுக்கு அதை எடுத்துக்கிடுது. கன்டெய்னர் சின்னதா இருக்கணும்னு எல்லாத்தையும் உருவிட்டாங்கல்லா? அதான் அங்க மூணு நாளா இன்ஸ்டால் பாதியிலேயே நின்னுச்சு. இன்னைக்குக் கம்பைலரையும் சேக்கச் சொல்லி ஒரு வரி போட்டேன். இன்ஸ்டால் ஆயிட்டு!"

"வேற ஆளைப் போடுவேன்னு குதிச்ச மேனேஜர், மூணு நாளா ஒரு வரிதான் எழுதுனியான்னு கேப்பாரே?"

"கேக்கட்டும். அந்த வரியை எடுத்துட்டு நீங்களே ஓட்டிப் பாருங்கன்னு சொல்லுதேன்."