காணாமற்போனவரிடமே கையெழுத்துக் கேட்ட அலுவலகத்தில் கனன்ற அம்மையாருக்கு

காணாமற்போனோரைத் தேடும் பிரிவின் கண்காணிப்பாளரே! கண்ணீரோடு வந்தோர்க்குக் கனிவே, கடமை மறந்தோர்க்குக் கனலே! தாங்கள் மின்தூக்கியில் ஏறுவதைக் கண்டதும் மேலதிகாரிகளைப் படியேறிப் போகவைத்த பெருந்தகையே! தங்கள் பணி நிறைவு விழாவில் எங்கள் வணக்கம்.

பன்னாட்டுத் தேடல் முயற்சிக்கு முழு ஆதரவு தருவதாக அரசு அறிவித்ததும் நம் கட்டடத்துக்கு வண்ணம் வந்தது, பெயர்ப்பலகைக்கு விளக்கு வந்தது, உறவினரின் மரபணு மாதிரிகளை வைக்க ஒரு ஃபிரிட்ஜும் வந்தது. அதில் முதலில் குடியேறியவை இயக்குநர் ஐயாவின் பழச்சாறு பாட்டில்கள் என்பதை ஊரறியும். ஊரறியச் செய்தவர்கள் நாங்கள்தாம். அவற்றை அள்ளி அவர் மேசைமேலேயே அடுக்கிவிட்டு வந்தவர் தாங்கள்!

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகனைப் பற்றி ஒரு தகவலும் இன்றித் தவித்து நம் பிரிவுக்கு வந்தார் ஒரு தையற்கார அம்மா. அவருடைய மரபணு மாதிரியை, அடையாளம் தெரியாதவர்களின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பன்னாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப அனுமதி கேட்டீர்கள். இயக்குநரிடமிருந்து வந்த பதிலை என்னவென்று சொல்ல! தனிநபர் தகவல் நாடு தாண்டுவதால், காணாமற்போனவரே நேரில் வந்து சம்மதக் கையொப்பம் இட வேண்டுமாம்! சட்டம் புரட்டி, சபை கூட்டி, சிரிக்காமல் எழுதிய பதில் இது.

“அவனே வந்து கையெழுத்துப் போடுவான்னா, நான் எதுக்கு மேடம் இங்க வந்து நிக்கிறேன்?” என்றார் அந்தத் தாய்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்குள் நுழைந்தீர்கள். கதவருகே நாங்கள் தற்செயலாக நின்றிருந்தோம், அத்தனை பேரும்.

“சார், நீங்களே அந்தப் பையனைக் கூட்டிட்டு வாங்க. கையெழுத்தை நான் வாங்கிக்கிறேன்.”

“விதின்னு ஒண்ணு இருக்கேம்மா...”

“எழுதினது நீங்கதானே சார்? கோடு போட்டு அடிக்கத் தெரியாதா?”

யோசிப்பதாகச் சொன்னார் ஐயா. இன்னும் யோசிக்கிறார். அந்த யோசனைக்கு ஓய்வு வயது கிடையாது, தங்களுக்குத்தான் வந்துவிட்டது. மகன் உயிரோடு எங்கோ படுத்துக் கிடக்கிறானா, பெயரில்லாமல் புதைக்கப்பட்டானா என்று தெரியாமலே அந்தத் தாய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறார். இதற்குப் பெயர் முழு ஆதரவாம்!

அம்மையீர், தாங்கள் நோயின்றி, நெடுங்காலம், இதே கோபத்தோடு வாழ்க! வாழ்த்தியாயிற்று; ஆனால் கலைந்து போக எங்களுக்கு மனமில்லை. தையற்கார அம்மாவை நாங்கள்தாம் அழைத்து முன்வரிசையில் அமர்த்தியிருக்கிறோம். மேடையில் இயக்குநர் ஐயா வீற்றிருக்கிறார். மைக்கை இப்போது அவர் பக்கம் திருப்புகிறோம். மாதிரி எந்த நாளில் புறப்படும் என்பதை அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து அவரே சொல்லட்டும். அதுவரை யாரும் கைதட்ட வேண்டாம்.

இங்ஙனம்,
பதில் வரும்வரை எழுந்திருக்கப் போகாத
பிரிவுப் பணியாளர்கள்