நான்கு கற்கள் சேர்ந்தபோது

1952, ஐப்பசி, ஒரு வியாழக்கிழமை காலை. ராயபுரத்திலிருந்து பாரிமுனை செல்லும் டிராமில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் கழுத்தில் ஜெபமாலை.

“புது சமையல்கட்டுல நாலு நாளா கால் வெக்கலக்கா. வாசல்லதான் அடுப்பு மூட்டிகினு கீறேன்.”

“இன்னாடி இது? நீதான தரைக்குன்னு ஷோக்கா பூக்கல்லு பொறுக்கினே?”

“கடையில ஒத்தக் கல்லதான் காட்டுனான். ஒரு மூலைல சேர்ற ரெண்டு ஓரத்துல பச்சக் கொடி, அழகா இருந்துச்சு. நாலு நாலா சேத்து ஒட்டினா தரையெல்லாம் சிலுவக்கா! எப்படி மிதிப்பேன்?”

“பேத்துத் திருப்பிப் போடச் சொல்லு.”

“சிமிட்டி இறுகிடுச்சு, பேத்தா ஒடஞ்சிடும்ன்றாரு கொத்தனாரு. ஞாயித்துக்கெழம மாமியா வருது. பாத்துச்சுன்னா என்னிய வூட்ட வுட்டே தொரத்திடும்.”

“கோயில் சாமியாரக் கேட்டியா?”

“வூட்டுக்கே வந்து பாத்தாரு. இது வெறும் கொடிம்மா, பயப்படாம நடன்னாரு.”

“அவரே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா?”

இளையவள் குரலைத் தாழ்த்தினாள்.

“சொல்லிட்டு, அவரு செவுத்த ஒட்டி ஓரமாவே நடந்து வெளிய போனாருக்கா.”